நோவு ஓரிடம், நோய் வேறிடம்

எங்கள் ஆச்சிக்குக் காது வலி வந்தது 1962-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில். மாதம் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. தாமிரவருணியில் செம்மண் கரைத்த வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வீட்டிலே அடைபட்டுக் கிடந்த எனக்கு இரவெல்லாம் ஆச்சியின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊர் ஆத்தூருக்குப் பக்கத்தில், ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று மேற்கே இருக்கிறது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன பிரதேசம். அகத்தி மரங்களில் கொடி ஏறி, உச்சி வெயிலில்கூட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். 2023-ஆம் ஆண்டில் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்தபோது எனக்குப் பெருமையும் வந்தது; கூடவே ஒரு சங்கடமும் வந்தது. அந்தச் சங்கடத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆச்சியின் காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது சாதாரணக் காதல்ல. தோளைத் தொடும் காது. அந்தக் காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் பெண் குழந்தைகளுக்குக் காது வளர்ப்பது என்பது ஒரு பெரிய காரியம். சிறு வயதிலேயே காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திரித்து வைப்பார்கள். துளை ஆறியதும் இன்னும் கொஞ்சம் பெரிய திரி. பிறகு சுருட்டிய ஓலை. அதற்குப் பிறகு குணுக்கு என்ற ஈயக் கனம். மாதக்கணக்கில் அந்தக் கனம் தொங்கித் தொங்கிக் காதுச் சோணை நீண்டு ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில்தான் பாம்படமும் தண்டட்டியும் ஏறும். வளர்ந்த காது குடும்பத்தின் செல்வாக்குக்கு அடையாளம். ஆனால் காலம் மாறியது. பாதி நூற்றாண்டு கழிவதற்குள் அதே காது பட்டிக்காட்டுத்தனத்துக்கு அடையாளமாகிவிட்டது. எத்தனையோ பெண்கள் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆச்சி மட்டும் மறுத்துவிட்டாள்.

ஆகையால், காது வலிக்கிறது என்று அவள் சொன்னவுடனே வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. பாம்படம்! அத்தனை கனத்தை ஐம்பது அறுபது வருஷமாகத் தொங்கவிட்டால் காது வலிக்காமல் என்ன செய்யும்? பெரியப்பா சொன்னார், அத்தை சொன்னாள், அடுத்த வீட்டு மதினி சொன்னாள். கடைசியில் ஆச்சி இரண்டு பாம்படத்தையும் கழற்றி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தாள். அன்று அவள் முகம் எனக்கு யாரோ அந்நிய மனுஷியின் முகம்போல் இருந்தது.

வலி மட்டும் போகவில்லை.

பிறகு வீட்டு வைத்தியம் தொடங்கியது. பொதிகை மலையிலிருந்து புறப்பட்டு வருகிற ஆற்றங்கரை அல்லவா? அகத்தியர் இருந்த மலை என்று சொல்லிச் சொல்லி, எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பாதி வைத்தியர்கள். நல்லெண்ணெயில் வெள்ளைப்பூண்டைப் பொரித்து இளஞ்சூட்டில் விட்டார்கள். துளசிச் சாறு பிழிந்து விட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து தாய்ப்பால் வாங்கி வந்து விட்டார்கள். தவிட்டை வறுத்து ஒற்றடம் கொடுத்தார்கள். பூச்சி புகுந்திருக்கும் என்றார் ஒருவர். வாயு என்றார் இன்னொருவர். கண்ணேறு கழித்து மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஒரு டாக்டரிடமும் போனார்கள். அவர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை, ஜவ்வு நன்றாக இருக்கிறது, வயசான காலத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை தின்ற அன்று தூங்கினாள். மறுநாள் மறுபடியும் முனகல்.

இப்படியே தை மாதம் வந்துவிட்டது. இனிமேல் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், காது சுத்தமாக இருக்கும்போது காது எப்படி வலிக்கும் என்ற கேள்வியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆச்சியைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு ஐரோப்பா வரைக்கும் ஒரு நடை போய் வருவோம்.

வாசகர்களில் சிலருக்கு ஓர் அனுபவம் இருக்கும். காதைக் குடையும்போது திடீரென்று தொண்டை கரகரத்து இருமல் வரும். கோழி இறகால் குடைந்த காலத்துக் கிழவர்களுக்கும் வந்தது. இன்று பஞ்சுக் குச்சியால் குடைகிறவர்களுக்கும் வருகிறது. எல்லாருக்கும் வராது, சிலருக்குத்தான். (சோதித்துப் பார்க்க வேண்டாம். காதைக் குடைவதே கெட்ட வழக்கம்.) தொட்டது காதை, இருமியது தொண்டை. இதன் பொருள் என்ன? காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஏதோ ஒரு கம்பி ஓடுகிறது என்பதுதானே?

அந்தக் கம்பியைக் கண்டு எழுதியவர் ஃபிரெடெரிக் ஆர்னால்டு என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மூளையிலிருந்து புறப்பட்டுத் தொண்டை, குரல்வளை, நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றுகிற பத்தாவது நரம்பு, போகிற வழியில் ஒரு சிறு கிளையைக் காதுத் துளைக்கு அனுப்புகிறது. அதற்கு இன்றும் ஆர்னால்டு நரம்பு என்றே பெயர். அவருக்குச் சற்று முன்னால், டென்மார்க்கைச் சேர்ந்த யாகோப்ஸன் என்பவர் இன்னொரு கிளையைக் கண்டிருந்தார். அது ஒன்பதாவது நரம்பின் கிளை. அடிநாக்குக்கும் உள்நாக்குச் சதைக்கும் உணர்ச்சி தருகிற அதே நரம்பு, நடுக்காதுக்கும் ஒரு கிளையை விடுகிறது. ஐந்தாவது நரம்பின் கீழ்த்தாடைக் கிளையோ இன்னும் தாராளம். கீழ்ப்பல் வரிசை, நாக்கின் முன்பகுதி, தாடைப் பூட்டு, காதின் முன்புறம் எல்லாம் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. ஏழாவது நரம்புக்கும் காதில் கொஞ்சம் பங்கு உண்டு. காதுச் சோணையும் காதின் பின்புறமும் கழுத்துத் தண்டிலிருந்து வருகிற நரம்புகளுக்குச் சொந்தம்.

இத்தனை சிறிய உறுப்புக்கு இத்தனை பங்காளிகள்! உடம்பில் வேறு எந்த இடத்திலும் இவ்வளவு நெருக்கமான பங்கு பாகம் இருக்குமா என்பது சந்தேகமே.

பங்காளிகள் மிகுந்த சொத்தில் வழக்கு வருவது சகஜம். பல்லிலோ நாக்கிலோ தொண்டையிலோ நோய் வந்தால் அதன் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. காதிலிருந்து வரும் சேதியும் அதே நரம்பில், அதே தடத்தில் போய்ச் சேருகிறது. ஒரே கம்பியில் இரண்டு ஊர்த் தந்தி வந்தால் பெரிய ஆபீசில் இருக்கிற குமாஸ்தா என்ன செய்வார்? சில சமயம் ஊரை மாற்றி எழுதிக்கொள்வார். மூளையும் அப்படித்தான் செய்கிறது. நோய் நாக்கிலே, மூளை எழுதிக்கொள்கிற விலாசம் காது. நோயாளி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே காதுதான் வலிக்கிறது. காதிலேதான் ஒன்றும் இல்லை.

ஜான் ஹில்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1860-ஆம் ஆண்டு முதல் மூன்று வருஷங்கள் லண்டனில் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை ஓய்வையும் வலியையும் பற்றியவை. 1863-ல் புத்தகமாக வந்தன. உடற்கூறு தெரிந்தவனுக்கு வலி ஒரு வழிகாட்டி என்பது அவர் கட்சி. வலிக்கிற இடத்தில் காரணம் தெரியாவிட்டால், அந்த இடத்துக்கு எந்த நரம்பு வருகிறது என்று பார். அதே நரம்பு வேறு எங்கெல்லாம் போகிறது என்று பார். நோய் அங்கே எங்காவது உட்கார்ந்திருக்கும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

எங்கள் ஊர் விவசாயிக்கு இது புதிய ஞானமல்ல. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வருகிற வாய்க்காலில் கடைமடை வயல் காய்ந்துவிட்டால், அவன் வயலைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடப்பான். மேலே எங்கேயோ மடை அடைத்திருக்கும். அல்லது கரை உடைந்திருக்கும். காய்ந்தது ஓரிடம், உடைந்தது வேறிடம். வயல் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருந்த நாங்கள், ஆச்சியின் காது விஷயத்தில் மூன்று மாதம் வயலையே தோண்டிக்கொண்டிருந்தோம்.

கரையோடு நடப்பதற்கு மருத்துவர்களுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. காதுத் துளைக்குள்ளும் இருட்டு, தொண்டைக்குள்ளும் இருட்டு. 1841-ல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் நடுவில் துளையிட்ட ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பி, அந்தத் துளை வழியாகவே பார்க்கும் உபாயத்தைச் சொன்னார். 1855-ல் ஃபான் டிரோல்ட்ச் என்பவர் அந்த உபாயத்தைப் பரவச் செய்தார். பிற்காலத்தில் அது நெற்றிக்கு ஏறியது. பழைய சினிமாக்களில் டாக்டர் என்றால் நெற்றியில் வட்டக் கண்ணாடி இருக்குமே, அதன் பூர்வோத்தரம் இதுதான்.

தொண்டைக்கு வழி கண்டவர் டாக்டரே அல்ல. ஒரு பாட்டு வாத்தியார்! மானுவல் கார்ஸியா என்ற ஸ்பானியர். சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறவருக்கு, குரல் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. 1854-ல் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் நீண்ட காம்புள்ள சின்னக் கண்ணாடியை வாங்கி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, தம்முடைய தொண்டைக்குள் உள்நாக்கை ஒட்டி வைத்துக்கொண்டார். இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பினார். தம்முடைய குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். மறு வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டியில் அதைத் தெரிவித்தார். சில ஆண்டுகளுக்குள் வியன்னாவிலும் பெஸ்டிலும் இருந்த மருத்துவர்கள் அந்தக் கண்ணாடியை நோயாளிகளின் தொண்டைக்குள் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

காதுக்கு ஒரு கண்ணாடி, தொண்டைக்கு ஒரு கண்ணாடி, மூக்குக்கு ஒரு கண்ணாடி. மூன்றுக்கும் வேண்டியது ஒரே விதமான வெளிச்சமும் ஒரே விதமான கைத்திறமையும். மூன்று வைத்தியமும் மெல்ல ஒரே கைக்கு வந்து சேர்ந்தன. 'காது, மூக்கு, தொண்டை' என்று பலகை மாட்டிய டாக்டரைப் பார்க்கிறோம். இந்த மூன்றையும் ஏன் ஒருவரே பார்க்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? நம் காது வலிக்கு விடை பாதி அந்தப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

இனி ஆச்சியிடம் திரும்பலாம்.

தை மாதத்தில் பெரியப்பா அவளைப் பாளையங்கோட்டைக்கு வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். நெற்றியில் கண்ணாடி கட்டிய அந்த டாக்டர் முதலில் வலது காதைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் ஆச்சியின் முகத்தையே பார்த்தார். அவள் இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அது எங்களுக்குப் புடைப்பாகவே தெரியாது; ஆச்சியின் கன்னம் எப்போதும் அப்படித்தான்.

"ஆச்சி, வெத்திலையைத் துப்பிட்டு வாயைக் கொஞ்சம் தொறங்க" என்றார்.

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியப்பா பக்கம் திரும்பி, "காதுல்லா வலிக்குன்னு வந்தேன், இவரு வாயப் பாக்கணும்னு சொல்லுதாரே!" என்றாள்.

ஆனாலும் துப்பினாள். திறந்தாள். முழுதாகத் திறக்க முடியவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. டாக்டர் சின்னக் கரண்டியால் நாக்கை ஒதுக்கினார். பிறகு உறை மாட்டிய விரலை உள்ளே விட்டு நாக்கின் ஓரத்தையும் அடியையும் தடவிப் பார்த்தார். கழுத்தின் இடது பக்கத்தை அழுத்திப் பார்த்தார். "ராத்திரி தூங்கும்போதும் கொடுப்புல அடக்கிக்கிடுவீங்களோ?" என்று கேட்டார். ஆச்சி தலையாட்டினாள். வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. அதைக் கொடுப்பிலே அடக்கிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நாற்பது வருஷப் பழக்கம்.

டாக்டர் பெரியப்பாவை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்த பெரியப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், "நெய்யூருக்குப் போகணும்" என்றார்.

நெய்யூர் என்ற பெயருக்கு அந்த நாளில் தென் ஜில்லாக்களில் ஒரு தனி அர்த்தம் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. அதற்கும் மேற்கே நெய்யூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேரும் வரையில் அது திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்ஸே 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டார். பின்னாளில் அது பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். புற்றுநோய் என்று வருகிறவர்களில் வாய்ப்புற்று உள்ளவர்களே மிகுதி. நாக்கில், கன்னத்தின் உட்புறத்தில், ஈறில். தங்கள் தேசத்தில் இந்த அளவுக்கு அவர்கள் கண்டதில்லை. ஆண்களுக்கு வந்தது போலவே பெண்களுக்கும் வந்தது. பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. எண்ணினார்கள். 1908-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நெய்யூரைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. பென்டால் என்பவர் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். ஃபெல்ஸ் என்பவர் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து எழுதினார். 1933-ல் ஆர் என்ற டாக்டர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். குற்றவாளி வெற்றிலையா, பாக்கா, சுண்ணாம்பா, புகையிலையா என்ற விசாரணை அப்படி நம் வாசலிலேயே நடந்தது. உலகத்தின் மருத்துவ நூல்கள் இன்றும் அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகின்றன. அந்த எண்களுக்குள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நெய்யூரின் மிகப் புகழ்பெற்ற மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல். எவரெஸ்டு ஏற வந்தவர்! 1922-ஆம் வருஷத்து எவரெஸ்டு முயற்சி முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், நெய்யூருக்கு வந்தார். நோயாளிக் கூட்டத்தையும், வேலை செய்து களைத்துப்போன டாக்டரையும் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4-ஆம் தேதி உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தபோது அவர் தொண்டை அவரைக் கைவிட்டது. வறண்ட குளிர்காற்றில் குரல்வளையின் உட்தோல் வெந்து உரிந்து, இறங்கி வரும்போது மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. பனியிலே உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தார். கடைசியாக இரு கைகளாலும் தம் நெஞ்சை அழுத்திப் பலமாக இருமினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. தொண்டை அடைபட்டுச் சாவைக் கண்டு மீண்ட மனிதர், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நம் ஜனங்களின் வாயையும் தொண்டையையும் அரித்த நோயோடு போராடிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது. பிற்பாடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

ஆச்சி போனபோது சாமர்வெல் நெய்யூரில் இல்லை. இருந்தவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஆனால் நாக்கின் ஓரத்தில் கடலைப் பருப்பளவு இருந்திருக்க வேண்டிய புண், அதற்குள் தாடை வரைக்கும் பரவிவிட்டது. கழுத்தில் கட்டி இறங்கிவிட்டது. "ஐப்பசியிலேயே கூட்டிக்கிட்டு வந்திருக்கப்படாதா?" என்று அங்கே இருந்த நர்ஸம்மாள் கேட்டார்களாம். கேட்டதைப் பெரியப்பா சாகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் நாங்கள் பூண்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு ஆச்சி இல்லை.

முதலில் பார்த்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காதைச் சரியாகத்தான் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை என்று சரியாகத்தான் சொன்னார். ஆனால் 'காதில் ஒன்றுமில்லை' என்பது விசாரணையின் முடிவு அல்ல. அங்கேதான் விசாரணை தொடங்குகிறது. அறுவை மருத்துவ மாணவர்களுக்குப் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிற ஒரு சித்திரம் உண்டு: ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார், காதில் பஞ்சு வைத்திருக்கிறார், கைக்குட்டையில் இரத்தம் கலந்த எச்சிலைத் துப்புகிறார். அவருக்கு வியாதி என்ன? பஞ்சு இருக்கிற இடத்தில் அல்ல, எச்சில் வருகிற இடத்தில் பார் என்பது பாடம். எங்கள் திண்ணையில் அந்தச் சித்திரம் மூன்று மாதம் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, காது வலிக்கிறவர்கள் எல்லாரும் கலங்கிப்போக வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் காது வலி பெரும்பாலும் காதிலேயே உள்ளது. சளி பிடித்த பிறகு வருவது. பெரியவர்களில், காது சுத்தமாக இருந்தும் வலிக்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியவை பல்லும் தாடைப் பூட்டும்தான். சொத்தைப் பல், முளைக்க இடமில்லாமல் முட்டுகிற ஞானப்பல், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம், எல்லாமே காதில் வந்து குத்தும். 1934-ல் காஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் தாடைப் பூட்டுக்கும் காது வலிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, உறவை ஒப்புக்கொண்டார்கள். 1937-ல் ஈகிள் என்பவர், காதுக்குக் கீழே ஊசிபோல இறங்குகிற ஓர் எலும்பு சிலருக்கு நீண்டு வளர்ந்து தொண்டையிலும் காதிலும் வலியை உண்டாக்குவதைச் சொன்னார். தொண்டைச் சதை வீக்கமும் கழுத்தெலும்புத் தேய்மானமும் காதில் வந்து பேசும். அக்கி வரப்போகிறது என்றால், கொப்புளம் தெரிவதற்கு முன்னாலேயே காதில் எரிச்சல் வரலாம்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. வயது நாற்பதைத் தாண்டியவர், புகையிலையோ பாக்கோ பீடியோ மதுவோ பழக்கமுள்ளவர், ஒரு பக்கத்துக் காதில் மட்டும் வலி, இரண்டு மூன்று வாரமாகியும் தீரவில்லை, விழுங்கும்போது அதிகமாகிறது, குரல் கம்மிவிட்டது, வாய் முன்போலத் திறக்கவில்லை, ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, கழுத்தில் கட்டி. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். இன்று கார்ஸியாவின் கண்ணாடிக்குப் பதிலாக, நூல் போன்ற குழாயை மூக்கு வழியே விட்டுத் தொண்டையின் அடி வரைக்கும் பார்த்துவிடுகிறார்கள். ஆயினும் நாக்கின் அடியைத் தடவிப் பார்க்கும் விரலுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை என்று அனுபவமுள்ள டாக்டர்கள் சொல்கிறார்கள்.

விசாரணையின் தீர்ப்பும் வந்துவிட்டது. புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முடிவு சொன்னது. 2004-ல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூட அதே குற்றத்துக்கு உரியவை என்று சேர்த்தது. 1908-ல் நெய்யூரில் எண்ணத் தொடங்கியதற்கு முழு விடை கிடைக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இதற்கிடையில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். 1965-ல் திருநெல்வேலிக்கே மருத்துவக் கல்லூரி வந்தது. ஆச்சிக்கு இருந்த தூரம் இன்று யாருக்கும் இல்லை. இருப்பது தாமதம் ஒன்றுதான்.

வெற்றிலையின் மேல் எனக்குப் பகை இல்லை. தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் கல்யாணம் உண்டா, காது குத்து உண்டா? தட்டில் இருக்கட்டும், மரியாதையாக இருக்கட்டும். கொடுப்பில் மட்டும் குடியிருக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆச்சிக்குப் புகையிலை வாங்கி வருவது என் வேலை. தெருமுனைக் கடையில் ஒரு துண்டு கிள்ளி வாழைச் சருகில் மடித்துக் கொடுப்பார்கள். மிச்சக் காசுக்குக் கடலை மிட்டாய் எனக்கு. காது வலி வந்து, பாம்படத்தைக் கழற்றி வைத்த பிறகும், அந்த மூன்று மாதமும் நான் தினந்தோறும் ஓடி ஓடி வாங்கி வந்தேன். பாம்படம் பாவம், கழற்றப்பட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. வாழைச் சருகை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.